பஞ்சு கடித்த செருப்பு

பிராணிகள் மருத்துவமனையின் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்த வேளையில், குனிந்து உள்ளே நுழைந்தாள் கண்ணாடிக்கடையில் வேலை பார்க்கும் பெண். கையில் ஒரு துணிப்பை. நாய் இல்லை.

"நாய் எங்கேம்மா?" என்றார் டாக்டர்.

"அது வீட்டுல இருக்கு டாக்டர். அது பண்ணின காரியம்தான் இதுல இருக்கு" என்று பையை மேசைமேல் கவிழ்த்தாள்.

பாதி தின்ற செருப்பு ஒன்று விழுந்தது. அதன்மேல் சல்லடையாகிப்போன ஒரு துண்டு, பல் பதிந்த மூக்குக்கண்ணாடிக் கூடு, கடைசியாகக் குடல் சரிந்த ஒரு சின்னத் தலையணை.

மூலையில் உட்கார்ந்திருந்த மாஸ்டர் நிமிர்ந்தார். அவர் டாக்டரின் கணவர். டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். நாள் முழுக்க அடுத்தவர்களுக்கு பிரேக் எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, மாலையில் மனைவியைக் கூட்டிப்போக வருவார். டாக்டர் எதையாவது துருவ ஆரம்பித்தால் போதும், இவருக்குக் கால் தரையில் நிற்காது.

"வீட்டுல யாரும் இல்லாதப்போ பஞ்சு இப்படிப் பண்ணுது டாக்டர். என் வீட்டுக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டு, ஒரு சிநேகிதரோட பண்ணைக்கு அனுப்பிடலாம்னு முடிவு பண்ணிட்டார். நாளைக்குக் காலைல வண்டி வருது." அவள் காலிப் பையை மடித்துச் சுருட்டினாள். "கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து என்கூட இருக்கிற நாய்."

"இதெல்லாம் யாரோட சாமான்?"

"எல்லாமே மாமாவோடது. அதான் வம்பே. ரயில்வேயில கார்டா இருந்து ரிட்டயர் ஆனவர். பஞ்சு வந்த அன்னைக்கே, 'இந்தப் பிராணி இருக்கிற பக்கம்கூட நான் வரமாட்டேன்'னு சொல்லிட்டார். அப்பாவுக்கு மரியாதை இல்லாம போச்சுன்னு இவர் கத்துறார்."

"தனியா விட்டா எப்பவும் இப்படித்தானா?"

அவள் யோசித்தாள். "இல்ல. போன மாசம் மாமா அவர் பொண்ணு வீட்டுக்குப் போயிருந்தார். நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டோம். அப்பவும் பஞ்சு தனியாத்தான் இருந்துச்சு. ஒரு நூல்கூடப் பிரியல."

மாஸ்டர் தொடையில் தட்டினார். "பழிவாங்கல்! தன்னைப் பிடிக்காதவர் ஊர்ல இருந்தா கடிக்குது, இல்லைன்னா விட்டுடுது. கேஸ் முடிஞ்சுது!"

"மாமா பகல்ல எங்க இருப்பார்?" என்று டாக்டர் நிதானமாகக் கேட்டார்.

"எங்களோடவே முன்வாசல் வழியாக் கிளம்பிப் பூங்காவுக்குப் போயிடுவார். அங்க சீட்டாட்டம். மத்தியானம் நான் சாப்பிட வந்து, கிழிஞ்சு கிடக்கிறதை அள்ளிட்டிருக்கும்போது திரும்பி வருவார்."

டாக்டர் செருப்பை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். "வண்டியை எடுங்க. வீட்டைப் பார்த்துட்டு வந்துடலாம்" என்றார் கணவரிடம்.

வீட்டு வாசலில் டாக்டர் உள்ளே போகாமல் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். கீழ்ப்பாகத்தைத் தடவிப் பார்த்தார். பெயின்ட் பளபளவென்று இருந்தது. காலைச் சுற்றிச் சுற்றி வந்த வெள்ளை நாயை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, நேராகச் சமையலறைக்குப் பின்னால் போனார். அங்கே பின்கதவின் அடிப்பலகை மரம் தெரியப் பிராண்டப்பட்டிருந்தது.

"தப்பிச்சு ஓடப் பார்த்திருக்கு" என்றார் மாஸ்டர் கிசுகிசுப்பாக.

"இதுக்குச் சாவி யார்கிட்ட?"

"மாமாகிட்ட. சைக்கிளைப் பின்னாடிதான் நிறுத்துவார்" என்றாள் மருமகள்.

கூடத்தில் மாமனாரான கார்டு செய்தித்தாளை விரித்து, அதற்குப் பின்னால் ஒளிந்திருந்தார். பஞ்சு போய் அவர் பாதத்தின்மேல் தாடையை வைத்தது. "சீ, தள்ளிப் போ!" என்று அதட்டினார். நாய் வாலை ஆட்டிக்கொண்டு இன்னும் நெருங்கிப் படுத்தது.

மாஸ்டருக்கு எரிச்சலாக வந்தது. "எவ்வளவு கொழுப்பு பாருங்க!"

லிப்ட் மெக்கானிக்கான மகன் உள்ளேயிருந்து கைகளைத் துடைத்தபடி வந்தான். "தப்பா நினைக்காதீங்க டாக்டர். எனக்கும் மனசு கேக்கலதான். ஆனா அப்பா பொருளா பார்த்துப் பார்த்துக் கடிக்குதே. பண்ணைல பெரிய தோட்டம் இருக்கு. அது நல்லா ஓடியாடும்."

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "இடி இடிச்சா அவனுக்குக் கட்டிலடி வேணும். தோட்டத்துல கட்டிலுக்கு எங்க போவான்?"

கார்டு தொண்டையைச் செருமிக்கொண்டு பக்கத்தைப் புரட்டினார்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எல்லாரும் உட்காருங்க. பஞ்சுவும் இருக்கட்டும், அவனைப் பத்தின விஷயம்தானே."

மாஸ்டர் முதல் வரிசையில் இடம் பிடித்தார்.

"நீங்க எல்லாரும் காலைல முன்கதவு வழியாத்தான் போறீங்க. உங்களைத் தேடி நாய் துடிச்சா, அந்தக் கதவைப் பிராண்டியிருக்கணும். அதுல ஒரு கீறல் இல்ல. அப்ப நீங்க போறதைப் பஞ்சு பொறுத்துக்குது. அவன் தவிக்கிறது பின்கதவு வழியாப் போற ஒருத்தருக்காக. அந்தச் சாவி ஒருத்தர்கிட்டதான் இருக்கு."

மகன் மெல்லத் தந்தையின் பக்கம் திரும்பினான். செய்தித்தாள் இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது.

"ஆனா கடிச்சது அவர் சாமானை மட்டும்தானே?" என்று மாஸ்டர் விடாமல் கேட்டார். "அது வெறுப்பு இல்லையா?"

"நாய்க்கு வஞ்சம் வைக்கத் தெரியாதுங்க. தனியா இருக்கும்போது யாரை ரொம்பத் தேடுதோ, அவங்க வாசனை இருக்கிற பொருளைத்தான் பெரும்பாலும் வாயில எடுக்கும். அவர் ஊர்ல இல்லாத நாள்ல பின்கதவு திறக்கல. யாரும் வரல, யாரும் பாதியில விட்டுட்டுப் போகவும் இல்ல. பஞ்சு நிம்மதியாத் தூங்கியிருப்பான்." டாக்டர் குரலைத் தணித்தார். "அப்புறம், இந்த வீட்டுல எல்லாரும் பஞ்சுவை 'அது'ன்னுதான் சொல்றீங்க. வளர்த்த மருமகள்கூட. 'அவன்'னு சொன்னது ஒருத்தர்தான். இடிக்குப் பயப்படுவான்னு தெரிஞ்சவரும் அவர்தான்."

கார்டு செய்தித்தாளை நாலாக மடித்து மடியில் வைத்தார். முகம் சிவந்திருந்தது.

"ஒரு நாள் கண்ணாடியை மறந்துட்டேன்னு பின்பக்கமாத் திரும்பி வந்தேன்" என்றார். "வந்து காலைக் கட்டிக்கிட்டான். கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போலாம்னு உட்கார்ந்தேன். அப்புறம் தினமும் வர ஆரம்பிச்சுட்டேன். பந்து போட்டா எடுத்துட்டு வருவான். பேப்பர் படிச்சுக் காட்டினா கேட்டுக்குவான். நீ சாப்பிட வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே அவனை உள்ள தள்ளிட்டு ஓடிடுவேன்மா."

"சீட்டாட்டம்?" என்றான் மகன்.

"எனக்குச் சீட்டே ஆடத் தெரியாதுடா."

மருமகளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "மாமா, நாளைக்கு வண்டி வருதுன்னு தெரிஞ்சும் ஒரு வார்த்தை சொல்லலையே!"

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது? முதல் நாள் அந்தக் குதி குதிச்சேனே. ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லம்மா."

மகன் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். "வண்டி வேணாம்ப்பா... இல்ல, நாயை அனுப்பினா அப்பாவையும் சேர்த்து அனுப்பணும் போலிருக்கு" என்று அவன் சொல்வது கேட்டது.

டாக்டர் அத்துடன் விடவில்லை. "சார், இனிமே நீங்க வாசல் வழியாவே வரலாம். ஆனா ஆட்டம் சூடா இருக்கும்போது கதவைச் சாத்திட்டு ஓடுறீங்க பாருங்க, அதான் அவனைப் போட்டு உலுக்குது. கிளம்புறதுக்கு முன்னாடியே விளையாட்டை நிறுத்திடுங்க. அவன் அடங்கினப்புறம், கடிக்க ஏதாவது கொடுத்துட்டு, கொஞ்சாம கிளம்புங்க. முதல்ல வெளிய போய் உடனே வாங்க. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நேரத்தைக் கூட்டலாம். திரும்பி வரும்போதும் ஆர்ப்பாட்டம் கூடாது."

"இப்பவே பழகிப் பார்த்துடலாமே!" என்று மாஸ்டர் துள்ளி எழுந்தார்.

பஞ்சு அடங்கிப் படுத்ததும், டாக்டர் தன் வண்டியிலிருந்து கொண்டுவந்த, சாப்பாட்டு உருண்டைகளை அடைத்த ஒரு ரப்பர் பந்தை அவன் முன்னால் வைத்துவிட்டு, எல்லோரும் சத்தமில்லாமல் வெளியேறித் தெருவில் நின்றார்கள். மாஸ்டர் கதவில் காதை வைத்தார். உள்ளே ரப்பரை நக்கும் சத்தம் மட்டும் சீராகக் கேட்டது.

"ஒண்ணும் பண்ணல. ஜாலியா இருக்கான்" என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

கார்டு ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறினார். ஜன்னலை எட்டிப் பார்த்தார். "போதும்மா, பாவம். தேடுவான்" என்று கதவுப்பிடியில் கை வைத்தார்.

டாக்டர் அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டார். "உள்ள இருக்கிறவன் தேறிடுவான் சார். பயிற்சி உங்களுக்குத்தான் வேணும்."