நாலு மணிக் கட்டைவிரல்

நீலக் குறிகள் இரண்டும் விழுந்து இருபது நிமிடமாகியும் சினானின் அம்மா சுஹறா இத்தாவிடமிருந்து பதில் இல்லை. அப்படி இருக்கிற ஆளே இல்லை அவள். "நேத்து சினானோட கட்டைவிரல் எங்கே இத்தா? அம்மாளு கேட்டுட்டே இருக்கா" என்றுதான் ஸ்மிஜா அவளுக்குத் தனியாக அனுப்பியிருந்தாள்.

திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்து லாட்ஜுகளில் தங்கிக் கிடக்கிற அம்மாக்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு. புற்றுநோய்ப் பிள்ளைகளை ஒன்றாக விளையாட விட்டால் கிருமி தொற்றும் என்பதால், தினமும் நாலு மணிக்கு ஒவ்வொரு பிள்ளையும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படம் அதில் வந்து விழும். பிள்ளை போய்விட்டால் தாய் ஒன்றும் சொல்லாமல் குழுவிலிருந்து விலகிவிடுவாள். யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது.

வெளியே மழை பிடித்திருந்தது. டெட்டால் நெடியும் ஆறிப்போன கஞ்சி வாடையும் கலந்த அறையில், கட்டிலைச் சுற்றிக் கட்டிய திரைக்கு அப்பால் ஆறு வயது அம்மாளு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருக்க, மகளின் காய்ச்சலோடு அல்லாடிய இரண்டு நாளில் பார்க்காமல் விட்ட செய்திகளை ஸ்மிஜா ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். நேற்றுக் காலை, சாம்பல் நிறத்தில் ஒரு வரி. சுஹறா வெளியேறினார்.

ஐயோ பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன்! அனுப்பியதை அழித்தாள். அவள் படித்துவிட்ட பிறகு அழித்தென்ன?

"யாரோட பேசறே மோளே?"

"சினான்கூட. நீதானேம்மா அவனைக் கேட்டே? வந்துட்டான்."

"சும்மா இரு. விளையாடாதே."

"அவனுக்குக் குளிருதாம்."

காய்ச்சலில் உளறுகிறாள். வேறென்ன. திரைக்குள் கைவிட்டு நெற்றியைத் தொட்டாள். சூடே இல்லை. சில்லென்றிருந்தது. நாளைக்கு ரத்த அணுக்கள் ஏறியிருந்தால்தான் அடுத்த மருந்து. ஏறும். ஏறியே ஆகணும்.

மணி நாலு. "விரலைக் காட்டு." திரை இடுக்கில் போனை நீட்டிப் படமெடுத்து, பார்க்காமலே குழுவில் போட்டாள்.

படத்தின் கீழே இதயக் குறிகள் வந்தன. ஐந்து. பதினொன்று. பத்தொன்பது.

பிறகு குறையத் தொடங்கின. பதினான்கு. ஆறு. ஒன்று.

அதுவும் போயிற்று.

ஸ்மிஜா படத்தைப் பெரிதாக்கினாள். அம்மாளுவின் கட்டைவிரல். அதை இறுகப் பிடித்த இன்னொரு சின்னக் கை. மணிக்கட்டில் ஊசி போட்ட இடத்துப் பிளாஸ்டர். நகக்கண்ணில் ஈரமண்.

திரையை இழுத்தாள்.

அம்மாளு தனியாகத்தான் இருந்தாள். சுவரோடு ஒட்டிப் படுத்து, பாதிக் கட்டிலை விட்டுக்கொடுத்திருந்தாள்.

"மெதுவாம்மா. இப்பத்தான் தூங்கினான். எழுந்ததும் ரெண்டு பேரும் போயிடுவோம்."

அந்தப் பாதியில் மெத்தை குழிந்திருந்தது.