ஐந்தாவது ஜன்னல்

நவம்பர் மாதத்து மழைப் பிற்பகலில் பியாட்ரிஸும் அவள் கணவன் லயனலும் லட்லோ என்ற சிற்றூரில் வாங்கிய, இருநூறு வருடப் பழைய ஜார்ஜியன் பாணி வீட்டுக்குக் குடிவந்தார்கள். நடுவில் கதவு, அதன் மேல் அரைவட்டக் கண்ணாடி. இருபுறமும் ஒரே அளவில் நெட்டை ஜன்னல்கள்.

"பாத்தியா? எங்கயாவது ஒரு அங்குலம் கோணல் இருக்கா?" என்றான் லயனல்.

இந்த வீடுதான் வேண்டும் என்று ஒரு வருடம் நச்சரித்தவன் அவன். அதற்காகவே அவள் தன் அம்மாவின் வீட்டை விற்றிருந்தாள்.

மாடியில் வெளியிலிருந்து பார்த்தால் ஐந்து ஜன்னல்கள். உள்ளே நான்குதான்.

"அது பொய் ஜன்னல். வரிசை கெடக்கூடாதுன்னு கட்டும்போதே வெச்சது. பின்னாடி வெறும் சுவர்," என்றான் அவன்.

மூன்றாம் நாள் மதியம் சாப்பிடும்போது, மாடியில் யாரோ ஜன்னலை மேலே தூக்கும் சத்தம் கேட்டது. ஜன்னலைத் தூக்கும் கயிறு உராய்ந்தது. சட்டத்துக்குள் அதில் தொங்கும் எடைக்கல் தட்டியது. மாடிப்படி வழியாக ஈரச் சுண்ணாம்பு வாடை இறங்கி வந்தது.

"கேட்டுச்சா?" என்று கிசுகிசுத்தாள்.

"இல்லையே."

ஆனால் அவன் மெல்லுவதை நிறுத்தியிருந்தான்.

மறுநாள் அவன் கடைக்குப் போயிருந்தபோது, பக்கத்து வீட்டு மிசஸ் பியூ எலுமிச்சை கேக்கோடு வந்தாள்.

"தைரியமான ஆளுதான் கண்ணு உன் வீட்டுக்காரர். எடித் காணாமப் போன வீட்டுக்கே திரும்பி வந்துட்டாரே!"

"எடித் யாரு?"

கிழவியின் முகம் வெளுத்தது. "அவரோட முதல் சம்சாரம். இங்கதான் வாடகைக்கு இருந்தாங்க. உன்கிட்ட சொல்லலையா?"

தனக்கு முன்பு கல்யாணமே ஆகவில்லை என்றுதான் அவன் சொல்லியிருந்தான்.

லயனல் திரும்பி வந்ததும், கோட்டைக்கூடக் கழற்ற விடாமல் கேட்டாள். அவன் மறுக்கவில்லை.

"நான் எந்த ஊருக்குப் போனாலும் எடித் வர்றா, பியா. பத்து வருஷம். ஒரு நாள்கூட விட்டதில்ல."

"அதுக்கு?"

"அந்தச் சுவருக்குள்ள தனியா இருக்க முடியலையாம். இந்த வீட்டுக்குத் துணைக்கு ஒருத்தியக் கொண்டாந்து விட்டா, என்னை விட்டுடறேன்னா."

படுக்கைக்குப் பக்கத்து நாற்காலியில் கிடந்த மோதிரமோ, கல்யாணப் படமோ எதையும் எடுக்க அவளுக்குத் தோன்றவில்லை. கார் சாவியை மட்டும் எடுத்தாள்.

"போகாத," என்றான். கெஞ்சலில்லை. பயம்.

மாடியில் கயிறு உராய்ந்தது.

பிறகு படியில் ஒரு காலடி.

இன்னொரு படி.

அவன் கையை உதறிவிட்டு ஓடினாள். ஹெரிஃபோர்டில் இருக்கும் தங்கை வீடு சேரும்வரை காரை நிறுத்தவில்லை. வழியெல்லாம் அழுகை வந்தது. பேய்க்குப் பயந்து அல்ல. தன்னைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டே, எப்போது பலி கொடுப்பது என்று ஒரு வருடம் யோசித்திருக்கிறான் என்பதை நினைத்து.

தங்கை கொடுத்த தேநீரைத் தொடாமல், இனி வரமாட்டேன் என்று சொல்ல அவன் கைபேசிக்கு அழைத்தாள்.

எடுத்தது ஒரு பெண்.

"நீ வர வேண்டாம்," என்றது அந்தக் குரல், நிதானமாக, கொஞ்சம் அன்பாகக்கூட. "இவரே போதும்."

அந்தக் குரலுக்குப் பின்னால், தடித்த சுவருக்கு அப்பாலிருந்து வருவதுபோல, லயனல் பியாட்ரிஸின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான்.