மார்ஷம்பெரிப் பட்டியலில் ஒரு பெயர்

அமலினி வந்த வேகத்தில் கடையின் கண்ணாடிக் கதவு சுவரில் மோதித் திரும்பியது.

இத்தாலியில், பலெர்மோ நகரின் சீசா வட்டாரத்தில் துசானி நடத்தும் கைபேசி திருத்தும் கடை அது. பின்னேரங்களில் மேல்மாடி கிறிகோரி இறங்கி வந்து அங்கே காப்பி குடிப்பார். முப்பது வருடம் பலெர்மோ நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆட்கள் தொலைத்த பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி அட்டை முதல் ஆட்கள் மறைத்த உண்மை வரை கண்டுபிடித்துத் தருபவர் என்று அவருக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேரில் பாதி தனக்கும் சேர வேண்டியது என்பது துசானியின் எண்ணம்.

"இதைப் பாருங்கோ அண்ணை," என்று அமலினி ஒரு தாளை மேசையில் அறைந்தாள். "கோயில் பலகையிலையும் ஒட்டியிருக்கு. எங்கடை ஆக்களின்ரை தபால் பெட்டியிலையெல்லாம் இதுதான் கிடக்கு."

துசானி முந்திக்கொண்டு எடுத்தாள். ஆங்கிலப் புத்தகம் ஒன்றின் பக்கம், படியெடுத்தது. இங்கிலாந்தின் மார்ஷம்பெரி மாவட்டக் கவுன்சில் தேர்தல்களின் வரலாறு என்று தலைப்பு. கீழே ஆண்டு வாரியாகப் பெயர்கள், வாக்குகள். 2019 வரியில் அமலினியின் பெயர் இரண்டாவதாக இருந்தது. அடுத்த வரியில், 2020 மே 7, அவளே வென்றிருந்தாள். அதன் ஓரத்தில் 'பதவி நீக்கம்' என்று பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல். அடியில் தமிழில்: "வாக்கு மோசடியில் பதவி பறிபோனவர் எங்கள் வேட்பாளரா?"

அடுத்த மாதம் பலெர்மோவில் வட்டாரக் கவுன்சில் தேர்தல். தமிழர் சார்பில் நிற்கப்போவது யார் என்று தேவாலயத்தில் ஞாயிறு பூசைக்குப் பிறகு தமிழ்ச் சங்கம் முடிவெடுக்க இருந்தது. கேட்டிருந்தவர்கள் இரண்டே பேர். ஒன்று அமலினி. மற்றது சங்கச் செயலாளர் ஸ்ரீபன்.

"தலைவர் பேனாட் அண்ணை காலமை ஃபோன் எடுத்தவர். மரியாதையோடை விலகட்டாம். அந்தக் கதை என்னட்டை வேண்டாம் எண்டு வைச்சிட்டன்."

கிறிகோரி கோப்பையைக் கீழே வைத்தார். "நீர் அங்கை இருந்தனீர்தானே?"

"ஓம். ஆறு வருசம். 2019இலை நிண்டு நாப்பத்தொரு வாக்கிலை தோத்தனான். அடுத்த முறையும் நிக்க இருந்தன். கொரோனா வந்துது, மனுசனுக்கு வேலை போச்சு, திரும்பி வந்திட்டம்."

"இந்தப் புத்தகம் வேற ஆரிட்டை இருக்கு?"

"இஞ்சை என்னட்டை மட்டும்தான், திரும்பி வந்தாப் பிறகு அங்கையிருந்து எடுப்பிச்சது. விண்ணப்பத்தோடை ஒரு உறையிலை வைச்சுச் சங்கத்துக்குக் குடுத்தனான். அதோடை 2020 மார்ச்சிலை அந்தக் கவுன்சில் அனுப்பின கடிதம் ஒண்டு. பேனாட் அண்ணை ஒரு கிழமை வைச்சிருந்தவர், ஸ்ரீபன் ஒரு கிழமை." அவள் பையிலிருந்து அந்த உறையை எடுத்து நீட்டினாள்.

கிறிகோரி அசல் பக்கத்தைத் திறந்தார். 2019க்குப் பிறகு நேராக 2021. நடுவில் வரியே இல்லை.

"ஸ்ரீபன்தான்!" என்றாள் துசானி. "போட்டிக்கு நிக்கிறவர். லண்டன் ஹோட்டல்லை ஒன்பது வருசம் வேலை செய்தவர், இங்கிலிஷ் தண்ணி பட்ட பாடு."

"உம்மடை பூதக்கண்ணாடியைத் தாரும்."

அவர் துண்டுத்தாளின் மேல் குனிந்தார். அந்த ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்தின் வால் உடைந்திருந்தது. எழுத்துரு சற்றுப் பழையது. புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டினார். 1983. யாரோ ஓர் உறுப்பினர் ஆறு மாதம் கூட்டத்துக்கே போகாமல் பதவியிழந்திருந்தார். அவருடைய வரியில் அதே சொல், அதே உடைந்த வால்.

"வெட்டி ஒட்டியிருக்கு," என்றார். பிறகு அமலினியிடம், "தங்கச்சி, 2017இலும் வரி இல்லையே?"

"அங்கை உறுப்பினர்களிலை மூண்டிலொரு பங்குக்கு வருசா வருசம் தேர்தல் நடக்கும். நாலாம் வருசம் மாவட்டத்துக்கு இல்லை, அதுக்கு மேலை இருக்கிற கவுண்டிக் கவுன்சிலுக்கு. அதுதான் 2017."

"அப்ப பட்டியல்லை ரெண்டு ஓட்டை. இதை ஒட்டின ஆள் ஏன் 2020ஐப் பிடிச்சவர்? நாளும் மாதமும் எங்கையிருந்து எடுத்தவர்?" கிறிகோரி கடிதத்தை விரித்து வாசித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "ஞாயிற்றுக்கிழமை வாங்கோ. விலகாதேங்கோ."

"விலகிறதுக்கோ உங்களட்டை வந்தனான்?" என்றாள் அமலினி.

ஞாயிறன்று கோயில் மண்டபத்தில் எண்பது பேருக்கு மேல். பேனாட் ஒலிவாங்கியைப் பிடித்தபடி வருத்தமாகப் பேசினார். "ஒராளிலை குற்றச்சாட்டு. அந்தத் தாளை ஒட்டினது மற்றாளோ எண்டு சந்தேகம். ரெண்டு பேரும் ஒதுங்கினால் சங்கத்தின்ரை மானம் தப்பும். வேற வழியில்லாட்டி நானே நிண்டு பொறுப்பெடுக்கிறன்."

"நான் ஒதுங்கமாட்டன்," என்று அமலினி எழுந்து நின்றாள். யாரோ பின்னாலிருந்து உட்காரச் சொன்னார்கள். அவள் உட்காரவில்லை.

கிறிகோரி முன்னால் போய்க் கடிதத்தைப் பேனாட்டிடம் நீட்டினார். "தலைவர், இதிலை என்ன எழுதியிருக்கு எண்டு சபைக்குச் சொல்லுங்கோ."

பேனாட் தலைப்பைப் பார்த்தார். "தேர்தல் அழைப்பு. மே ஏழு, ரெண்டாயிரத்து இருபது. இதுவே சாட்சிதானே!"

கடிதம் ஸ்ரீபனின் கைக்கு மாறியது. அவர் இரண்டு வரி வாசித்ததும் சிரித்துவிட்டார். "அண்ணை, இது தேர்தலை ஒத்திவைச்ச கடிதம். கொரோனாவாலை அந்த மே மாதம் இங்கிலாந்திலை ஒரு கவுன்சில் தேர்தலும் நடக்கேல்லை. அடுத்த வருசத்துக்குத் தள்ளிப் போட்டவங்கள்."

துசானிக்குத் தன் காதுகள் சுடுவது தெரிந்தது. மூன்று நாளாக ஸ்ரீபனை முறைத்துக்கொண்டு திரிந்தவள் அவள்.

"பொய் வரி எழுதின ஆளுக்கு இந்தத் தேதி இந்தக் கடிதத்திலையிருந்துதான் கிடைச்சது," என்றார் கிறிகோரி, நீதிமன்றத்தில் பேசியது போலவே குரல் உயர்த்தாமல். "கடிதம் ரெண்டே பேரின்ரை கையிலை இருந்தது. இங்கிலிஷ் வாசிக்கிற ஸ்ரீபன் நடக்காத தேர்தலிலை ஒராளை வெல்ல வைக்கமாட்டார். ஒரு சொல்லு வேணுமெண்டால் தானே எழுதியிருப்பார், 1983ஆம் ஆண்டு வரியிலையிருந்து வெட்டி ஒட்டத் தேவையில்லை. தேதியும் ஆளின்ரை பேரும் மட்டும் விளங்கி, அந்த ஒரு சொல்லை அகராதியிலை பாத்த ஒருவர்தான் இதைச் செய்தவர்."

பேனாட் ஒலிவாங்கியை மேசையில் வைத்தார். "பன்ரெண்டு வருசம் இந்தச் சங்கத்துக்குக் கதிரை மேசை அடுக்கினனான்," என்றார். "நீ நில் எண்டு ஒருதரும் கேக்கேல்லை."

வெளியேற்றச் சொல்லிக் கூச்சல் எழுந்தது. அமலினி அதற்கு மேலாகக் கத்தினாள். "இல்லை! அவரின்ரை பேரையும் எழுதுங்கோ. பேனாட் அண்ணை, நிக்க விருப்பமெண்டால் நேரை நிண்டிருக்கலாம். தோக்கிறதுக்கு நான் பயந்த ஆளில்லை. நீங்களும் ஒருக்கால் நிண்டு பாருங்கோ."

மூன்று பெயர்களும் பலகையில் ஏறின. அமலினிக்கு ஐம்பத்திரண்டு, ஸ்ரீபனுக்கு இருபத்தேழு, பேனாட்டுக்கு மூன்று. எண்ணி முடியும்வரை அவர் எழுந்து போகவில்லை. அது ஒன்றுக்காகத் துசானி அவரை மதித்தாள்.

திங்கள் காலை நகரசபை அலுவலகத்தில் விண்ணப்பப் படிவம் நிரப்பத் துசானியும் கூடப் போனாள். தொழில் என்ற இடம் வந்ததும் உத்தியோகத்தர் அமலினியின் காய்த்துப்போன கைகளைப் பார்த்துவிட்டுத் தயவாகச் சொன்னார்: "அது கட்டாயமில்லை, சிஞோரா. வெறுமையாக விடலாம்."

அமலினி பேனையை வாங்கினாள். இரண்டு கோட்டுக்கும் வெளியே வழிகிற அளவுக்குப் பெரிய எழுத்தில், வீடுகளில் துப்புரவு வேலை செய்பவள் என்று இத்தாலியனில் எழுதி, படிவத்தை அவர் பக்கம் தள்ளினாள்.