ஏழாம் படகுக்குக் கீழே

அன்று மழை பெய்ததா, வெறும் காற்றுதானா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. அம்மா சொன்னதும் நான் பார்த்ததும் கலந்துபோயிருக்கலாம். அந்தக் கணினித் திரை மட்டும் அப்படியே கண்ணில் நிற்கிறது.

அப்பா கடலுக்குப் போயிருந்தார். திடீரென்று புயல். எந்தப் படகு கரை சேர்ந்தது என்பதைத் துறைமுக அலுவலகம் தன் இணையப் பக்கத்தில் போடும். அப்பாவுடையது எட்டாம் படகு.

ஏழாம் படகு வரை இருந்தது. அதோடு சரி.

அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார். 

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு ஏதோ குறைந்தது.

"அண்ணா, அடியில எப்பவும் இருக்கிற போன் நம்பரைக் காணோம்."

"அப்பாவைக் காணோம்னு உசிரு போகுது. உனக்கு போன் நம்பரா, வாலு?"

"அந்த நம்பருமா மீன் பிடிக்கப் போச்சு?"

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். இணையப் பக்கம் செய்யக் கற்றுக்கொண்டிருந்தவன் அவன். பக்கத்தைப் பிழை பார்க்கும் மென்பொருளில் போட்டான். சிவப்பாக ஒரே வரி வந்தது: 'கடைசி வரி: குறிப்பு மூடப்படாமல் பக்கம் முடிந்தது.'

"கடைசி வரியில ஒண்ணுமே இல்லையே!" என்றான் அண்ணன்.

"சட்டை பட்டனை மாத்திப் போட்டா கடைசி பட்டன்லதானே தெரியும்? தப்பு மேலதான் இருக்கும்."

பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் நிரலில் மேலே தேடினோம். ஏழாம் படகுக்குக் கீழே, பட்டியல் போடும் அலுவலகத்து அக்கா, பக்கத்தில் தெரியாதபடி தனக்காக ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: 'கயிறு மாற்ற வேண்டும்.' குறிப்பைத் திறக்கும் குறி இருந்தது. மூடும் குறி இல்லை. கீழே இருந்த எல்லாவற்றையும் குறிப்பு என்றே எண்ணிக் கணினி மறைத்துவிட்டது. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறைந்த வரிகளைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. "நீயே படி," என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"எட்டாம் படகு..." அண்ணன் திரைக்கு அருகே குனிந்தான். "கரை சேர்ந்தது."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணா, கீழ இன்னும் படகு இருக்கே. அந்த வீட்டுலயும் இப்படித்தானே நிப்பாங்க?"

மறைந்திருந்த எண்ணைப் பார்த்து நானே அழைத்தேன்.

"அக்கா, உங்க குறிப்பை நீங்க மூடலை."

"எந்தக் குறிப்பு? யாரும்மா நீ?"

"எட்டாம் படகு வீட்டுப் பொண்ணு. ஏழுக்குக் கீழ யாருமே தெரியலை."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "ஐயோ!" என்று மட்டும் கேட்டது.

சற்று நேரத்தில் பக்கம் முழுதாக வந்தது. அப்பா நனைந்த சட்டையோடு வீடு வந்தார். அன்று திரும்பாதிருந்த பத்தாம் படகும் மறுநாள் கரை சேர்ந்தது. அக்கா இப்போது பிழை பார்க்காமல் எதையும் வெளியிடுவதில்லை. அண்ணன் பிழை பார்க்கும் மென்பொருள் எழுதுகிறான். தப்பு தொடங்கிய வரியையும் அது சேர்த்தே சொல்லும். ஏழாம் படகின் கயிற்றையும் மாற்றிவிட்டார்கள்.