பத்து மணிக்கு வராதவன்

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...

பிராங்க்ஸ் கோர்ட் வராந்தாவில் ரூஃபஸின் சட்டைப் பையில் ஃபோன் அலறியது.

ஓடாலிஸ் அவனுக்கு டை கட்டிவிட்டுக் கொண்டிருந்தாள். ரூஃபஸுக்கு நாற்பத்தாறு வயது. பதினோரு முறை கை விலங்கு பூட்டியிருக்கிறார்கள். டை இதுதான் முதல் முறை!

"எடு. ஆனா கழுத்த ஆட்டாத."

எடுத்தான். ஸ்பீக்கரைத் தட்டினான். ஒரு மெஷின் பெண் குரல் பேசியது.

"வணக்கம். இரண்டாம் கதவு சிகிச்சை மையம். இன்று பத்து மணி வகுப்புக்கு நீங்கள் வரவில்லை. உடனே தொடர்பு கொள்ளவும்!"

ரூஃபஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

ஒன்பது பதினாலு!

"என்ன மிஸ் இது? நடக்காத க்ளாஸுக்கு நான் எப்படி வராம இருப்பேன்?"

பக்கத்தில் நின்ற கோர்ட் காவலர் தொப்பை குலுங்கச் சிரித்தார். "நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்ப்பா!"

"மெஷினுக்குக் கிறுக்கு. ஆறு வருஷத்துல இது யாருக்கும் ஃபோன் பண்ணி நான் பாத்ததில்ல" என்றாள் ஓடாலிஸ். "நீ போய் பத்து மணி க்ளாஸ்ல உக்காரு. சர்டிஃபிகேட் வாங்க ரெண்டேகாலுக்கு இங்க ஜட்ஜ் முன்னாடி இருக்கணும். லேட்டானா... நானே உன்ன ஜெயிலுக்கு அனுப்பிடுவேன்!"

"என் மக லீவு போட்டுட்டு வர்றா மிஸ். நான் ஜட்ஜ் முன்னாடி நிக்கறத அவ நெறைய தடவ பாத்திருக்கா. யாரும் கை தட்டி பாத்ததில்ல..."

அவன் கண்ணைத் துடைத்தான். ஓடாலிஸ் டையைக் கொஞ்சம் அதிகமாகவே இறுக்கினாள். அழுகிற ஆண்களை அவளுக்குப் பிடிக்காது.

இரண்டாம் கதவு, கோர்ட்டுக்கு எதிர்க் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. ஜெயிலுக்குப் போக வேண்டிய போதை ஆசாமிகளை நீதிபதி அங்கே தள்ளுவார். பதினோரு மாத வகுப்பு. வாரம் இரண்டு முறை சிறுநீர்ப் பரிசோதனை. தேறினால் சர்டிஃபிகேட், கைதட்டல், வழக்கு ரத்து. தவறினால் ஜெயில்... ரூஃபஸுக்கு ஐந்து வருடம் காத்திருந்தது.

அங்கே சிகிச்சைப் பிரிவுக்குத் தலைவி ஓடாலிஸ் பெகேரோ. அவளுக்கும் மேலே டைரக்டர் பிரெஸ்காட் ஹேல்.

பட்டு டை, பல் வரிசை, மேடைப் பேச்சு! 'நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேரைத் திருத்துகிறோம்' என்பார் ஹேல். அந்தக் கணக்கு சொர்க்கத்தில்கூடக் கிடைக்காது. ஆனாலும் ஊர் நம்பியது. அடுத்த வாரம் மேயர் குழுவில் அவருக்கு நாற்காலி தயார்.

பதினொன்று இருபது.

நீதிபதியோடு மீட்டிங் முடித்து ஓடாலிஸ் மூன்றாம் மாடிக்குத் திரும்பினாள். அந்த நிமிடம்...

"ஆ... ஆ... ஆ!"

ஆண்கள் கழிப்பறைப் பக்கமிருந்து துப்புரவுப் பெண்ணின் அலறல்!

ஓடினாள்.

வாஷ்பேசினுக்குக் கீழே குப்புறக் கிடந்தார் வெண்டல் ஓக்ஸ். அறுபத்து மூன்று வயது. தலையைச் சுற்றி ரத்தம். பக்கத்தில் இரண்டாக உடைந்த கண்ணாடி விருது... 'இந்த ஆண்டின் சிறந்த மறுவாழ்வு மையம்!'

பரிசோதனைக்கு வருகிறவர்கள் கப்பில் ஏமாற்றாமல் இருக்கப் பின்னால் நின்று பார்ப்பதுதான் வெண்டலின் வேலை. ஒன்பது வருடம். மனிதர்களின் முதுகை மட்டுமே பார்த்துச் சம்பாதித்த மனிதர். அடுத்த மாதம் ஓய்வு.

நேற்று மாலை அவர் அவள் அறை வாசலில் தயங்கி நின்றது ஞாபகம் வந்தது.

'மேடம், ஒரு நோட்டு வெச்சிருக்கேன். நாளைக்கு ஜட்ஜ் கிட்ட குடுக்கப் போறேன். நீங்க முதல்ல பாருங்களேன்...'

'நாளைக்கு வெண்டல், நாளைக்கு' என்று விரட்டியிருந்தாள்.



பன்னிரண்டு மணிக்கு டிடெக்டிவ் ஃபுஸாரோ வந்தார். கையில் பாதி கடித்த முட்டை-சீஸ் ரொட்டி. பிணத்தைப் பார்த்தார். மீதியையும் தின்றார்.

"பத்துலேர்ந்து பதினொண்ணுக்குள்ள நடந்திருக்கு. யாரு மேல சந்தேகம்?"

ஹேல் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"எனக்குச் சொல்லவே கஷ்டமா இருக்கு. நாங்க யாரையும் குற்றவாளின்னு பாக்கறதில்ல, காயம்பட்ட மனுஷங்கன்னுதான் பாக்கறோம்..."

"சார், இங்க காயம்பட்டவன் கீழ கெடக்கான். பேரச் சொல்லுங்க."

"ரூஃபஸ் டில்லர்ட். நேத்து வெண்டல் கூட பெரிய சண்டை. 'ஒரு நாள் உன் மண்டைய ஒடைக்கிறேன் பாரு'ன்னு கத்தினான். மாடியே கேட்டுச்சு."

"ஐயோ, அது சும்மா!" வாசலில் கூடி நின்றவர்களுக்கு நடுவிலிருந்து ரூஃபஸ் பதறினான். அதற்குள் இரண்டு போலீஸ்காரர்கள் அவன் தோளைப் பிடித்துவிட்டார்கள். "பின்னாடி ஆள் நின்னா எனக்கு வராது சார்! 'பெருசு, இன்னிக்காவது திரும்பி நில்லேன்'னு கத்தினேன். பதினோரு மாசமா ஒவ்வொரு தடவையும் அதே சண்டைதான்!"

"பத்து மணிக்கு எங்க இருந்த?"

"க்ளாஸ்ல! டாமினோ ஆடிட்டு இருந்தோம்!"

"சிகிச்சை வகுப்புல டாமினோவா? வாத்தியார் எங்க?"

"டக்கரா? அவர் க்ளாஸ் பக்கம் வந்தே நாலு மாசமாச்சு சார். கீழ காபிக் கடையில இருப்பாரு."

ஃபுஸாரோ ஹேலைப் பார்த்தார். ஹேல் கூரையைப் பார்த்தார்.

"சரி, உன்ன யாரு பாத்தா?"

"பதினோரு பேர் பாத்தாங்க!"

"அந்தப் பதினோரு பேர் மேலயும் சேர்த்து எத்தனை கேஸ்?"

"எண்பத்திரெண்டு" என்றார் ஹேல், யாரும் அவரிடம் கேட்காமலே. "அதோட... வருகைப் பதிவையும் நீங்க பாக்கணும்."

பக்கத்துப் பரிசோதனை அறைக்கு அவர்களை அழைத்துப் போய்க் கம்ப்யூட்டரைத் திருப்பினார்.

ரூஃபஸ் டில்லர்ட். பத்து மணி வகுப்பு. வரவில்லை!

க்ளிக்! விலங்கு பூட்டும் சத்தம்.

"மிஸ்..." ரூஃபஸ் அவளைப் பார்த்தான். "ரெண்டேகாலுக்கு என் மக வந்து நிப்பா மிஸ்..."

ஓடாலிஸ் திரையையே வெறித்தாள்.

வரவில்லை...

இந்த மையத்தின் பதிவில் யார் வராமல் இருந்தார்கள்? கால் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவன் வந்திருக்கிறான். வேறு வழக்கில் உள்ளே இருந்தவன் வந்து 'ஆர்வத்துடன் கலந்து' கொண்டிருக்கிறான். ஒருவன் செத்தே போனான். அதற்கு அப்புறமும் இரண்டு வாரம் வந்து 'நல்ல முன்னேற்றம்' காட்டியிருக்கிறான்! ஹேலின் தொண்ணூற்றாறு அப்படிப் பிறந்த பிள்ளை.

ஆறு வருடத்தில் முதல் 'வரவில்லை' இதுதான். அதனால்தான் முதல் ஃபோனும்...

ஒன்பது பதினாலு!

அவள் வாயைத் திறக்கப் போனாள். மூடினாள்.

இந்த ஒரு பொய்யை நிரூபிக்க, மற்ற எல்லாப் பொய்யையும் எடுத்துக் கடை பரப்ப வேண்டும். ஒவ்வொன்றின் கீழும் அவள் கையெழுத்து! லைசென்ஸ் போகும். இருபத்தைந்து வருட உத்தியோகம் போகும். அதைவிட... ரூஃபஸின் பதினோரு மாத வருகையும் பொய்யோடு பொய்யாகச் செல்லாமல் போகும். கொலைப் பழியிலிருந்து தப்பியவன் நேரே ஐந்து வருட ஜெயிலுக்குள் விழுவான்.

வாயை மூடிக்கொண்டிருந்தால்? அவன் ஆயுளுக்கும் உள்ளே. அவள் சம்பளம் பத்திரம்!

'தூ!' என்று தன்னையே மனசுக்குள் காறித் துப்பினாள்.

"டிடெக்டிவ்! அத எத்தனை மணிக்கு எழுதினாங்கன்னு பாருங்க."

ஃபுஸாரோ திரையை விரலால் தள்ளினார். புருவம் ஏறியது.

"ஒம்போது பதிமூணு! பத்து மணி க்ளாஸுக்கு வரலைன்னு ஒம்போது பதிமூணுக்கு எந்த ஜோசியன் எழுதினான்? பேரு போட்டிருக்கு..."

நிமிர்ந்தார்.

"ஓ. பெகேரோ. நீங்கதானே மேடம்?"

"கடவுளே... ஓடாலிஸ்! நீயா?" ஹேல் அதிர்ந்து பின்வாங்கினார். அழகாகவே அதிர்ந்தார். மேடைப் பழக்கம்!

ஃபுஸாரோவின் கை இடுப்பில் இருந்த இன்னொரு விலங்குக்குப் போனது.

"ஒம்போது பதிமூணுக்கு நான் கோர்ட் வராந்தாவுல இவனுக்கு டை கட்டிட்டு இருந்தேன்."

"அடேங்கப்பா! உங்களுக்குச் சாட்சி இவன். இவனுக்குச் சாட்சி நீங்களா?"

"தலைக்கு மேல கேமரா இருக்கு. பக்கத்துல காவலர் இருந்தாரு. ஃபோனப் போடுங்க."

போட்டார். எதிர்முனையில் தொப்பைச் சிரிப்பு வழிந்தது. 'நடக்காத க்ளாஸுக்கு வராதவன்தானே சார்? அந்தம்மா இங்கதான் நின்னுச்சு!'

ஃபுஸாரோ ஃபோனை வைத்தார்.

"அப்ப உங்க பாஸ்வேர்டு வேற யாருகிட்ட இருக்கு?"



"மாசக் கடைசியில 'எல்லாத்துக்கும் கையெழுத்து'ன்னு ஒரு பட்டன் அமுக்கணும் சார். எல்லாம் பொய்னு எனக்குத் தெரியும். அமுக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு. அதனால பாஸ்வேர்ட அவர்கிட்ட குடுத்துட்டேன். ஆறு வருஷமா அவர் அமுக்கறாரு. நான் கண்ண மூடிக்கறேன்."

அவள் விரல் நீண்டது.

பிரெஸ்காட் ஹேல்!

"பொய்! பழியிலேர்ந்து தப்பிக்கறதுக்காக..."

"எந்த அறைக் கம்ப்யூட்டர்னு அடியில போட்டிருக்கும் சார். இன்னும் கொஞ்சம் தள்ளுங்க."

ஃபுஸாரோ தள்ளினார்.

"மூணாம் மாடி... டைரக்டர் அறை."

"என் அறைக் கதவு எப்பவும் திறந்துதான் இருக்கும்! யார் வேணா வரலாம்!" ஹேல் சிரிக்க முயன்றார். பல் வரிசை ஒத்துழைக்கவில்லை.

"வெண்டல் ஒரு நோட்டு எழுதிட்டு இருந்தாரு" என்றாள் ஓடாலிஸ். "டைரக்டர் சார் அவர் பாக்கெட்டத் துழாவியிருப்பாரு. கெடச்சிருக்காது. சார் கை வைக்காத எடம் இங்க ஒண்ணே ஒண்ணுதான்..."

பரிசோதனை அறை ஃபிரிட்ஜைத் திறந்தாள். குப்பென்று அடித்தது. ஃபுஸாரோ மூக்கைப் பொத்திக்கொண்டார். மூடிய கப்புகளின் வரிசைக்குப் பின்னால், பிளாஸ்டிக் பைக்குள்... ஒரு பச்சை நோட்டு!

கடைசிப் பக்கத்தை அவள் வாய்விட்டுப் படித்தாள்.

"'ஹேலிடம் சொல்லிவிட்டேன். உண்மையில் பாதிப் பேர்தான் தேறுகிறார்கள், நாளை நீதிபதியிடம் இதைக் கொடுப்பேன் என்றேன். நாளை பத்தரைக்குப் பரிசோதனைக் கழிப்பறையில் தனியாகப் பேசலாம் என்றார். நல்ல மனிதர்தான்.'"

நல்ல மனிதரின் முகம் கோணியது.

"மூத்திரம் பிடிக்கிற ஒரு பய! அவன் என்னைக் கவுக்கறதா? மேயர் எனக்குக் கை குடுக்கப் போறாரு! இந்தத் திருட்டுக் கும்பல்ல ஒருத்தன் உள்ள போனா என்ன குறைஞ்சிடும்? தொண்ணூத்தஞ்சாகும், அவ்வளவுதானே!"

க்ளிக்! இந்த முறை விலங்கு சரியான கைக்குப் போனது.

அவரைக் கீழே கொண்டு போனதும் ரூஃபஸ் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே கேட்டான்.

"மிஸ்... பதிவெல்லாம் பொய்ன்னா... என் சர்டிஃபிகேட்?"

ஓடாலிஸ் நோட்டைப் புரட்டினாள்.

இரண்டு பத்து.

நீதிபதி ஹாலோரன் மேஜையில் அந்த நோட்டு கிடந்தது. ஃபுஸாரோ தள்ளி நின்றுகொண்டார்.

"எங்க வருகைப் பதிவு மொத்தமும் பொய், மேடம். நான் தெரிஞ்சே விட்டேன். எனக்கு என்ன தண்டனையோ குடுங்க" என்றாள் ஓடாலிஸ். "ஆனா இவன் பொய் இல்ல. டில்லர்ட் பக்கத்தப் பாருங்க."

ஹாலோரன் கண்ணாடியை மாட்டிப் படித்தார். தொண்ணூற்று நாலு முறை. தேதி, மணி, வெண்டலின் கோணல் கையெழுத்து. சுத்தம். சுத்தம். சுத்தம். நடுவே ஒரு வரி...

'வெட்கப்படுகிறான், பாவம். குழாயைத் திறந்துவிட்டுத் திட்டினேன். சத்தத்தில் வந்துவிட்டது. சுத்தம்.'

ரூஃபஸ் உடைந்து அழுதான். "பெருசு... அதுக்குத்தான் ஒவ்வொரு தடவையும் கொழாயத் திறந்தியா..."

ஓடாலிஸுக்கும் கண் கலங்கியது. இந்த முறை அவள் மறைக்கவில்லை.

"உங்க ஆஃபீஸ்லேர்ந்து நான் நம்பற முதல் ரிப்போர்ட் இது" என்றார் ஹாலோரன். "நாத்தம் அடிக்குது... ஆனா நம்பறேன். மிஸ்டர் டில்லர்ட், வழக்கு ரத்து! மிஸ் பெகேரோ, திங்கக்கிழமை உங்க வக்கீலோட வாங்க."

கோர்ட்டே கை தட்டியது. பின் வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்று, உள்ளங்கை சிவக்கத் தட்டினாள். அப்பனின் அதே மூக்கு.

வெளியே வராந்தாவில் ஹேலை முதல் விசாரணைக்கு இழுத்து வந்துகொண்டிருந்தார்கள். டையைக் கழற்றியிருந்தார்கள். ஓடாலிஸைக் கண்டதும் அவர் காலை ஊன்றி நின்றார்.

"ஓடாலிஸ்! என்னை ஜெயிலுக்கு அனுப்ப விடாத! ஜெயில் யாரையும் திருத்தாது, உனக்கே தெரியும்! வேலை அழுத்தம்... நான் காயம்பட்டவன்... எனக்கு வேண்டியது சிகிச்சை! ஒரே ஒரு லெட்டர் எழுதிக் குடு!"

ஓடாலிஸ் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"தாராளமா வாங்க சார். கப்பு நாங்க தர்றோம். பின்னாடி நின்னு பாக்கத்தான் ஆள் இல்ல... அவரத்தான் நீங்க கொன்னுட்டீங்களே!"