கூண்டின் எடை

மூன்று மணிக்கு முள் பதினேழில் நின்றது. ஒரு மணிக்குப் பார்த்தபோது பதினைந்து. மருதமுத்து கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். பதினேழுதான்.

கிறிஸ்துமஸ் விடுமுறை. ஆற்றங்கரைப் பேட்டையான கார்டன் ரீச்சின் அந்தச் சின்னத் தொழிற்சாலையில் அவரையும் வாசல் காவலுக்கு வெயில் தேடி உட்கார்ந்திருந்த தர்வானையும் தவிர ஆளில்லை. தையல் மிஷின்கள் துணி போர்த்திக் கிடந்தன. ஈரக் கான்வாஸும் ரப்பர் பசையும் பாசியும் கலந்த வாடை சோதனை அறையில் அடைந்து கிடந்தது. தகரக் கூரையில் எங்கோ ஒரு சொட்டு விழுந்து, வெகுநேரம் யோசித்து, அடுத்ததும் விழுந்தது. ஆற்றில் பனிமூட்டம் இன்னும் விலகவில்லை. கண்ணுக்குத் தெரியாத கப்பல் ஒன்று அவ்வப்போது அடிவயிற்றிலிருந்து குரல் கொடுத்தது.

பத்தொன்பது வருடமாக அவர் செய்துவரும் சோதனை இது. எட்டடித் தொட்டித் தண்ணீருக்குள் ஓர் இரும்புக் கூண்டு, ஸ்பிரிங் தராசில் தொங்கும். வெறும் கூண்டு முப்பது கிலோ காட்டும். உள்ளே லைஃப் ஜாக்கெட்டை வைத்தால் அது மேலே தூக்க, முள் பதினைந்துக்கு வந்துவிடும். இருபத்து நான்கு மணி நேரம் ஊறியும் அங்கேயே நின்றால், அந்த ஜாக்கெட் ஆளைத் தூக்கும். உள்ளே இருக்கும் இலவம் பஞ்சுக்குள் தண்ணீர் புகுந்தால் எடை ஏறும். முழுக்க ஊறிச் செத்தாலும் முப்பதைத் தாண்ட வழியில்லை.

இப்போது கூண்டில் இருக்கும் ஜாக்கெட்டின் பேட்சை ஆகஸ்டில் அவர் சோதிக்கவே இல்லை. மனைவி மஞ்சுளா மஞ்சள் காமாலையில் கிடந்தாள். ஆஸ்பத்திரி மாடிப்படிக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்து, சோதனை ஏட்டின் ஆறு அளவுகளையும் மனதிலிருந்தே எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஆனால் கம்பெனிக்கு ஏடே போதுமாக இருந்தது. இருநூறு ஜாக்கெட்டுகள் படகுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அவரும் மறந்துவிட்டார். அவ்வளவு அசதி அப்போது.

நேற்று முன்தினம் மகள் மதுவந்திதான் நினைவுபடுத்தினாள். பதினான்கு வயது. தெரு க்ளப் பிக்னிக்குக்கு ஆற்றில் லாஞ்ச் படகில் போகிறார்களாம், நாற்பது பேர்.

"லாஞ்சுல புதுசா லைஃப் ஜாக்கெட் போட்டிருக்காங்களாம்ப்பா. உங்க கம்பெனிதான். பக்கத்து வீட்டு சோமா காக்கிமா சொன்னாங்க."

அவர் பனி, குளிர், ஜலதோஷம் என்று என்னென்னவோ சொன்னார்.

"எதுக்கெடுத்தாலும் வேணாம்னா எப்பிடிப்பா? காரணத்தச் சொல்லுங்க."

காரணம் நாக்கு நுனியில்தான் இருந்தது. வெட்கம் அதை விழுங்க வைத்தது. மாறாக, நேற்று மாலை ஆறு மணிக்கு இங்கே வந்து, அதே பேட்சில் எடுத்துவைத்திருந்த ஒரு ஜாக்கெட்டைக் கூண்டில் போட்டு இறக்கினார். இன்று காலை ஏழுக்கும் முள் பதினைந்தில் நின்றது. எட்டுக்கு மதுவந்தியோடு லாஞ்ச் கிளம்பியது. போகட்டும், ஒன்றும் ஆகாது என்று அப்போது மனதுக்கு எவ்வளவு லேசாக இருந்தது!

நான்கு மணிக்கு இருபத்து மூன்று.

ஆபீஸ் அறைக்கு ஓடி க்ளப்புக்கு போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க யாருமில்லை. அடுத்துப் படித்துறைக்குப் போட்டார். அங்கே எடுத்தவர், பனியில் எல்லா லாஞ்சும் தாமதம், ஆறுக்குள் வந்துவிடும் என்று சலித்துக்கொண்டு வைத்துவிட்டார். மருதமுத்து திரும்பி வந்து, முக்காலியை இழுத்துப் போட்டுத் தராசுக்கு எதிரே உட்கார்ந்தார். ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கியது. குழல் விளக்கு இரண்டு முறை கண்சிமிட்டி எரிந்தது. தொட்டித் தண்ணீர் கறுப்பாக இருந்தது. அதன் மேல் சின்னச் சின்னக் குமிழிகள் வந்து உடைந்தன. பஞ்சுக்குள்ளிருந்த காற்று, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டார்.

முப்பது.

ஜாக்கெட் செத்துவிட்டது. இனி முள் நிற்க வேண்டும்.

முப்பத்தொன்று. முப்பத்து நான்கு.

எழுந்து தராசைத் தட்டிப் பார்த்தார். கொக்கியைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. அவர் கை தராசின் மேல் இருக்கும்போதே அது கீழிருந்து இழுபட்டது. ஒரு முறை. பிறகு இன்னொரு முறை. பிறகு பல இடங்களிலிருந்து, தாறுமாறாக.

வாடை மாறியிருந்தது. பாசி இல்லை. ஆற்றுச் சேறு, டீசல்.

நாற்பத்தெட்டு. ஐம்பத்தைந்து.

தர்வானைக் கூப்பிட அவர் நிற்கவில்லை. கூண்டைத் தூக்கும் கயிற்றை முளையிலிருந்து அவிழ்த்து, கப்பி கிறீச்சிட, உடம்பையே பின்னால் சாய்த்து இழுத்தார். ஒரு முழம் ஏறியது. இன்னொரு முழம். கூண்டின் மேல்விளிம்பு தண்ணீருக்கு வெளியே வந்தது.

உள்ளேயிருந்து விரல்கள் கம்பியைப் பிடித்திருந்தன.

ஒரு கை மட்டுமல்ல. நான்கு பக்கமும். பெரிய விரல்கள், சின்ன விரல்கள். ஊறி வெளுத்தவை. ஒரு கட்டைவிரலில் சிவப்பு நகப்பூச்சு. ஒரு மணிக்கட்டில் வெள்ளைச் சங்கு வளையல். அவர் தோள்கள் எரிந்தன. கயிறு உள்ளங்கையை அறுத்தது. மேலே ஏற்ற முடியவில்லை. முளையில் கட்ட ஒரு கையை எடுத்தால் எல்லாமே போய்விடும்.

"பிடிச்சிருக்கேன்," என்றார். "பிடிச்சிருக்கேன்மா."

ஆபீஸ் அறையில் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது.

வளையல் கை முதலில் விட்டது. கயிறு கொஞ்சம் லேசானது. அடுத்து இரண்டு. அடுத்து ஒன்று. பாரம் குறையக் குறைய அவர் இன்னும் இறுக்கிப் பிடித்தார். குறைய வேண்டாம், கை இற்றுப்போனாலும் பரவாயில்லை என்று அழுதார். விரல்கள் ஒவ்வொன்றாகக் கம்பியை விட்டு, அவசரமில்லாமல், கறுப்புத் தண்ணீருக்குள் இறங்கின.

கடைசியில் ஒரே ஒரு கை மிஞ்சியது. சின்னக் கை. போன் விடாமல் அடித்தது. அந்தக் கை யாருடையது என்று குனிந்து பார்க்க மருதமுத்துவுக்குத் தைரியம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கயிற்றைப் பிடித்தபடி நின்றார்.