பாதி வாக்கியம்

அன்று இதழினி டீச்சருக்கு வந்த கோபத்துக்குத் திரை தப்பிப் பிழைத்ததே பெரிய விஷயம்.

அருப்புக்கோட்டை அரசுப் பள்ளியில் மாலை வகுப்பு. திரையில் சிலி நாட்டுத் துறைமுக ஊர் ஒன்றின் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். அங்கே அப்போது காலை. நாடுகள் தங்களுக்குள் ஆங்கில ஆசிரியர்களை மாற்றிக்கொள்ளும் திட்டத்தில் இவள் அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தாள். அவர்களுடைய வாத்தியார் இக்னாசியோ இவளுடைய பிள்ளைகளுக்கு எடுத்தார். நடுவில் நாத்திருத்தி என்ற கருவி. இந்தப் பக்கம் யார் எப்படி உளறினாலும், அதே குரலில், அதே உதட்டசைவோடு, பிசிறில்லாத ஆங்கிலமாக்கி அந்தப் பக்கம் சேர்த்துவிடும்.

“மீனவர் கடலுக்குப் போவது ஒரு…” என்று ஆங்கிலத்தில் இழுத்துவிட்டு, காதருகே கையை வைத்துக்கொண்டு நின்றாள். பாதி வாக்கியத்தை டீச்சர் விடுவதும், மீதியைப் பிள்ளைகள் கத்தி முடிப்பதும் நம் பள்ளிக்கூட வழக்கம். நம் பிள்ளைகளாக இருந்தால் கூரை பறந்திருக்கும். இவர்களோ பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து மாதமாக இதே கதைதான். திமிர் பிடித்த பிள்ளைகள் என்று மனதுக்குள் வைதாள்.

வகுப்பு முடிந்ததும் பரிமாற்ற அலுவலகத்துப் பிரணவ் அழைத்தான்.

“மேடம், உங்க வகுப்புல பிள்ளைங்க வாயே திறக்கறதில்ல. இந்த மாசத்தோட நிறுத்திடலாம்னு மேல முடிவு பண்ணிட்டாங்க.”

படியேறி இறங்கி, சண்டை போட்டு வாங்கிய வகுப்பு அது.

மறுநாள் இக்னாசியோ அவளுடைய சொந்தக் கைப்பேசிக்கே அழைத்தார். நடுவில் கருவி இல்லாததால் அவருடைய ஆங்கிலம் நொண்டி நொண்டி வந்தது.

“கோபித்துக்கொள்ளாதீர்கள் டீச்சர். கேள்வியும் நீங்களே, பதிலும் நீங்களே. என் பிள்ளைகளுக்கு ஏன் இடமே தருவதில்லை?”

“நானா? பாதியில் நிறுத்திவிட்டுக் காத்துக் கிடக்கிறேனே!”

சொல்லும்போதே அவளுக்கு உறைத்தது. பாதி வாக்கியம் நாத்திருத்திக்குப் பிழை. அவள் குரலிலேயே அதை முடித்து அனுப்பியிருக்கிறது. அதற்குப் பிறகு பிள்ளைகள் முணுமுணுத்ததை இரைச்சல் என்று அழித்துவிட்டு, வாய் மூடிய முகங்களை இங்கே காட்டியிருக்கிறது. பாவம், அந்தப் பிள்ளைகளைப் போய் வைதோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

பிரணவை ஒரு பிடி பிடித்தாள்.

“என் வாய்ல வர்ற பேச்சை முடிக்க அது யாருங்க? முதல்ல அதைக் கழட்டுங்க!”

“கழட்டினா பிழையெல்லாம் அப்படியே வருமே மேடம்.”

“வரட்டும்! பிள்ளைங்க தப்பே பண்ணலைன்னா நான் எதுக்கு? கொலுப் பொம்மையா?”

அடுத்த வாரமே, “சரி பண்ணிட்டோம் மேடம்,” என்றான். அன்றைய வகுப்பில் இதழினி மறுபடி இழுத்தாள்.

“மீனவர் கடலுக்குப் போவது ஒரு…”

“நாற்காலியில்!” என்று கத்தினாள் ரொசாரியோ என்ற சிறுமி. வகுப்பே சிரித்தது. இதழினிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. படகு என்று திருத்திச் சொல்லிக்கொடுத்தபோது தான் மறுபடி வாத்தியாராகிவிட்டதாகவே நினைத்தாள்.

இரண்டு வாரம் கழித்து இக்னாசியோ மறுபடி அழைத்தார்.

“திங்கட்கிழமைக்கு மன்னியுங்கள் டீச்சர். புயல் எச்சரிக்கை. பள்ளியையே பூட்டிவிட்டார்கள். உங்களுக்குச் சொல்ல மறந்துபோனேன்.”

திங்கட்கிழமை அவள் முழு வகுப்பு எடுத்திருந்தாள். ரொசாரியோவை மூன்று முறை திருத்தியும் இருந்தாள்.

“ஆனால் வியாழக்கிழமை நீங்கள் பிரமாதம்! பிள்ளைகளுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது.”

வியாழக்கிழமை அவள் விருதுநகரில் தேர்தல் பணிப் பயிற்சியில் உட்கார்ந்திருந்தாள்.

உடனே அலுவலகத்துக்கு அழைத்துக் கேட்டாள். பிரணவ் குரலில் கூச்சம் மருந்துக்குக்கூட இல்லை.

“கழட்டினா திட்டமே நின்னுடும் மேடம். அதனால பாதியில விடறதுக்கும், தப்பா பதில் சொல்றதுக்கும் அதுக்கே கத்துக்கொடுத்துட்டோம். ஐடியா உங்களோடதுதானே?”

“வெட்கமா இல்ல உங்களுக்கு? அந்தப் பிள்ளைங்களை ஏமாத்தறோம்யா!”

“என்ன மேடம் இப்படிச் சொல்றீங்க? அந்தத் திங்கள், வியாழன் வகுப்புக்குத்தான் இந்த வருஷ முதல் பரிசு. இனி எல்லா நாட்டுக்கும் அதைத்தான் அனுப்பப் போறோம், உங்க முகத்தோடயே. நாளையிலேருந்து நீங்க சிரமப்பட்டு வரவே வேண்டாம்.”